மெதுவாகச் சுற்றிய தட்டுகள்

எங்கள் வீட்டில் யாரோ ஓர் ஆண்பிள்ளை அழுகிறான் என்று எங்கள் ஊர் உறுவையாற்றில் பேச்சு கிளம்பியபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. புருஷன் பிரான்சில், பட்டாளத்தில். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். அப்படிப்பட்ட வீட்டில் மத்தியானத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவன் அடித்தொண்டையில் விம்மினால் ஊர் வாயை மூடிக்கொண்டு இருக்குமா? கொஞ்ச நாள் சாடைமாடையாகப் பேசிப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டுக்காரி ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"இன்னாக்கா, வூட்ல யாரோ வந்துகிறாப்பல கீது?"

மாமியார் வாசலுக்கு இறங்கிப் போனார். அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தார். ரெக்கார்டு பிளேயர் முன்னால் உட்காரவைத்து, "போடுடி அந்தக் கருமத்த" என்றார். நான் போட்டேன். எதிர்வீட்டுக்காரி கன்னத்தில் கை வைத்து முழுப் பாட்டையும் கேட்டாள். முடிந்ததும், "பாவம், இன்னா கஷ்டமோ அவனுக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு ஊர் என்னை விட்டுவிட்டது. கொஞ்சம் கழன்ற கேஸ் என்று மட்டும் முடிவு செய்துகொண்டார்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். லீவில் ஊருக்கு வரும் சொல்தா, கூட இருப்பவர்களின் வீட்டுக்கும் சேர்த்துச் சாமான் தூக்கி வருவார். சென்ட்டு, சோப்பு, கம்பளி, சாக்லேட்டு. வில்லியனூர் வட்டாரத்தில் எந்தச் சொல்தா வீட்டு பீரோவைத் திறந்தாலும் பிரிக்காத சென்ட்டு பாட்டில் ஒன்று இருக்கும். என் வீட்டுக்காரர் அனுப்பியது அதெல்லாம் இல்லை. கல்யாணம் முடிந்து அவர் கிளம்பும்போது, "உனக்கு இன்னா வோணும்?" என்று கேட்டார். எனக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. வாய்க்கு வந்ததை, "பாட்டு" என்று சொல்லிவைத்தேன். மனிதர் அதை மறக்கவில்லை. சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கிற ஒரு பிளேயரும், அட்டை உறை போட்ட சின்ன இசைத்தட்டுகள் ஒரு கட்டும் வந்து சேர்ந்தன.

தட்டின் நடுவில் பெரிய ஓட்டை. பிளேயரில் இருந்ததோ ஒல்லியான கம்பி. தட்டு நிற்காமல் ஆடியது. கொட்டாங்குச்சியில் ஒரு துண்டை உடைத்து, துவைக்கிற கல்லில் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கி, நடுவில் துளை போட்டு அந்த ஓட்டையில் செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. பெட்டியின் ஓரத்தில் பதினாறு, முப்பத்திமூன்று, நாற்பத்தைந்து, எழுபத்தெட்டு என்று எண் போட்ட ஒரு திருகு இருந்தது. எட்டாவது வரை படித்தவள், எண் தெரியும். அது எதற்கு என்றுதான் தெரியாது. வரும்போது முப்பத்திமூன்றில் இருந்தது. பிரான்சுச் சாமானை நோண்டிக் கெடுத்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று அப்படியே விட்டுவிட்டேன்.

அப்படித்தான் அந்தக் கிழவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து இழுத்துப் பாடுவார். பின்னால் மேளம் ஒன்று ரொம்ப யோசித்து யோசித்து அடிக்கும். ஊதுகிற வாத்தியங்கள் பெருமூச்சு விட்டபடி வந்துபோகும். என்ன பாஷை என்றுகூட எனக்குத் தெரியாது. பெண்டாட்டி செத்துவிட்டாள், பிள்ளைகள் கவனிப்பதில்லை, நிலம் போய்விட்டது என்று நானாக அவருக்கு ஒரு வாழ்க்கை கட்டினேன். பதினெட்டு வயதுக்காரிக்கு அவ்வளவு துக்கம் தேவையில்லைதான். இருந்தும் தினமும் சாப்பாடு முடிந்ததும் அவரைக் கேட்காமல் எனக்குப் பொழுது போகாது.

அடுத்த வருடம் வீட்டுக்காரர் லீவில் வந்தார். வந்த அன்றைக்கே, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பெருமையாகக் கிழவரைப் போட்டேன். சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. எழுந்து வந்து பிளேயரைக் குனிந்து பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் தண்ணீர் வர, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"அடியே, இது பொம்பள பாடுறதுடி. சின்னப் பொண்ணு. இத நாப்பத்தஞ்சுல வெக்கணும்."

எச்சில் கையோடு திருகைத் திருப்பினார். தட்டு சுறுசுறுப்பாகச் சுற்றியது. என் வயதுக்காரி ஒருத்தி, கைதட்டலோடு, குதித்துக் குதித்து, சந்தோஷம் தாங்காமல் பாடினாள். எனக்கு யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. அழுதுவிட்டேன். வெட்கமாகவும் இருந்தது.

"அப்ப அந்தக் கெழவரு?" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பான். அவர் திருகை மறுபடி முப்பத்திமூன்றுக்குத் திருப்பினார். "எங்கியும் போவலடி. இங்கதான் கீறாரு பாரு" என்று பக்கத்தில் உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து கிழவரை முழுக்கக் கேட்டார். கட்டிய புருஷன்மேல் ஆசை வருவதற்கு ஒரு நாள் உண்டென்றால் எனக்கு அது அந்த நாள்தான்.

அந்த லீவு முழுக்கப் பாட்டுதான். இது சோல், இது ஃபங்க் என்று பிரித்துச் சொன்னார். "எல்லாம் அமெரிக்காவுல இருக்கிற கறுப்பு ஜனங்க. சர்ச்சுல பாடிக்கினு இருந்தத அப்படியே வெளிய கொண்டாந்துட்டாங்க, அதான் சோல்." ஃபங்க் என்றால் என்ன என்று கேட்டேன். "அதுல பாட்டு முக்கியமில்ல, இடுப்புதான் முக்கியம்" என்றார். மாமியார் கொல்லையில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு அதை எப்படி ஆடுவது என்றும் காட்டினார். நெட்டை மனிதர், லுங்கி கட்டிக்கொண்டு. நான் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது.

திரும்பிப் போன பிறகுதான் அவர் அந்த வேலையைத் தொடங்கினார். அங்கே இசைத்தட்டுக் கடையில் வாங்குவதற்கு முன்னால் போட்டுக் கேட்கலாமாம். அவர் ஒவ்வொரு தட்டையும் ஒருமுறை நாற்பத்தைந்திலும், ஒருமுறை முப்பத்திமூன்றிலும் வைக்கச் சொல்வாராம். கடைக்காரன் பைத்தியம் என்று நினைத்தானாம். இரண்டு வேகத்துக்கும் நிற்கிற பாட்டைத்தான் எனக்கு எடுப்பார். வேகமாக வைத்தால் ஆட்டம், மெதுவாக வைத்தால் அழுகை, இரண்டிலும் பாட்டு பாட்டாக இருக்க வேண்டும். அப்படி நிற்பது ரொம்பக் கொஞ்சம். மேளம் இடைவெளி விட்டு அடிக்க வேண்டும், கட்டையான கிடார் அடியில் உருள வேண்டும், குரல் முரடாக இருக்க வேண்டும். வயலின் ஆகவே ஆகாது. மெதுவாகச் சுற்றினால் எண்ணெய் போடாத கதவு மாதிரி முனகும். இதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். கடிதத்தில் அவர் நாலு வரிக்கு மேல் எழுதமாட்டார், அதிலும் மூன்று வரி அம்மாவின் முட்டிவலி பற்றி இருக்கும். எனக்குக் கவலையில்லை. பார்சல் வந்ததும் தட்டை முதலில் மெதுவாக வைப்பேன். பாட்டு நின்றுவிட்டால், ஏதோ ஓர் ஊரில் ஒரு கடையில் நின்றுகொண்டு அவர் என்னை நினைத்திருக்கிறார். வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

"அடுத்த லீவுல உன்ன இட்டுக்கினு போயிடுறேன்" என்பது ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சொல்வது. பேப்பர் தயாராகிறது என்பார். வந்தால் போவேன், அதுவரைக்கும் பாட்டு இருக்கிறது என்று நான் இருந்தேன்.

தட்டுகளை நான் வளர்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். டிரங்குப் பெட்டியில் படுக்கப் போடாமல், செங்குத்தாக, பழைய வாயில் புடவையைக் கிழித்துச் சுற்றி நிறுத்துவேன். சித்திரை வெயிலில் தட்டு வளைந்துவிடும் என்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, சுற்றிலும் நனைத்த சாக்கு போடுவேன். "புள்ளத்தாச்சிக்கு பாக்குற மாரி பாக்குறா" என்று மாமியார் முணுமுணுப்பார். இங்கிலீஷ் படிக்க வராததால் நானே பேர் வைத்தேன். சண்டைக்காரி, நெல் குத்துகிறவன், இருமல்காரர், மூணு தங்கச்சி. நடுவில் ஒட்டிய காகிதத்தின் நிறத்தைப் பார்த்தே எது எது என்று சொல்வேன். சாயந்திரம் சுற்றிலும் பம்புசெட்டு ஓட ஆரம்பித்தால் கரண்டு இறங்கும், சண்டைக்காரியின் குரலும் தொய்ந்துபோகும். அந்த நேரத்தில் அவளை வைக்கமாட்டேன், அவளுக்கு அவமானம்.

பார்சலோடு சில நேரம் பத்திரிகைப் படங்களும் வரும். யானைக்கால் பேண்ட், மினுக்குச் சட்டை, தலையைச் சுற்றி உருண்டையாக முடி. அவற்றைச் சாமி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். மாமியார் வெள்ளிக்கிழமை எல்லாப் படத்துக்கும் பொட்டு வைக்கும்போது அவர்களுக்கும் சேர்த்து வைத்துவிடுவார். "பாத்தா பெரிய மனுசங்க மாரிதான் கீறாங்க" என்பார்.

வீட்டுக்காரர் பட்டாளத்தை விட்டுவிட்டு பாரீசுக்குப் பக்கத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் சேர்ந்தார். லீவு தள்ளிக்கொண்டே போனது. எனக்குப் பின்னால் கல்யாணமானவர்கள் எல்லாம் பிளேன் ஏறிப் போனார்கள். என்னைப் பார்த்தால், "இன்னும் போவலியா?" என்று கேட்பார்கள். "பாட்டு கேட்டு முடியல" என்பேன். வாய்க்கொழுப்பு எனக்குக் குறைந்ததில்லை. பார்சல் மட்டும் தவறாமல் வந்தது, எல்லாப் பாட்டும் இரண்டு வேகத்துக்கும் நின்றது. அதனால்தான் எனக்குப் பயம் வரவில்லை.

எழுபதுகள் முடிகிற சமயம் ஒரு பார்சல் வந்தது. உறையெல்லாம் ஜிகினா. வழக்கம்போல முதல் தட்டை முப்பத்திமூன்றில் வைத்தேன். வயலின் முனகியது. சரி, ஒன்று தவறிவிட்டது என்று அடுத்ததை வைத்தேன். அதுவும் உருக்குலைந்து போனது. பார்சலில் இருந்த எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன், ஒன்றுகூட நிற்கவில்லை. பிளேயரில்தான் கோளாறோ என்று பழைய இருமல்காரரை எடுத்து வைத்தேன். அவர் நன்றாகத்தான் இருமினார்.

அப்புறம்தான் தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கருகருவென்று பளபளக்க வேண்டியவை வெளுத்திருந்தன. ஏற்கனவே பலமுறை ஓடியவை. பிளேயர் முள் படாத புதுத் தட்டைத்தான் எனக்கு அனுப்புவது என்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. இவை வேறு யாரோ கேட்டு அலுத்துப்போன பாட்டுகள். கடைக்குப் போக நேரம் இல்லாமல் இருந்திருக்கும், கூட வேலை செய்கிறவர் யாராவது கொடுத்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உறைக்குள் தட்டைத் திரும்பப் போடும்போது ஓர் உறையின் மூலை கையில் நெருடியது. கடித்திருந்தது.

"எலி கடிச்சிருக்கும்" என்றார் மாமியார்.

எலி கடித்தால் எப்படி இருக்கும் என்று நெல் மூட்டை இருக்கிற வீட்டில் யாருக்குத் தெரியாது? அது அரித்துத் தூளாக்கிவிட்டுப் போகும். இந்த மூலை எச்சிலில் ஊறி, மென்று, காய்ந்திருந்தது. அடிப்பக்கம் இரண்டே இரண்டு சின்னப் பல் பதிந்திருந்தது. என் தங்கச்சி மகன் பல் முளைக்கிற வயதில் எங்கள் வீட்டுக் காலண்டரை இப்படித்தான் ஆக்கினான். உறையை மாமியாரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"எலிதான்" என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது, என் தப்புதான். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எதிலும் குறை கண்டுபிடிக்கிற மனுஷி, குழைந்த சோற்றைப் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

அடுத்த வருடம் வீட்டுக்காரர் வந்தார். முன்னெப்போதும் இல்லாத அளவுக்குச் சாமான். எனக்கு மட்டும் மூன்று புடவை. இரண்டு நாள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்து, அந்த ஜிகினா தட்டில் ஒன்றை எடுத்து முப்பத்திமூன்றில் வைத்தேன். அது முனகியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, சுற்றுகிற தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நீங்க எடுத்ததா?"

"இல்ல."

"அப்ப யாரு?"

"வூட்ல கெடந்துது" என்றார். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. அவரே கொஞ்சம் கழித்து, "அங்க ஒருத்தி கூட இருக்கேன்" என்றார்.

"புள்ள?"

"பொண்ணு. இப்ப நடக்குது."

முள் தட்டின் கடைசிக்குப் போய்க் கறகறவென்று ஓடிக்கொண்டிருந்தது. எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது, கை வரவில்லை. "உன்ன ஒண்ணும் வுட்டுடலடி. இந்த வூடு உன்னுதுதான், எழுதிக்கூடக் குடுத்துடுறேன்" என்றார்.

"வூட்ட வெச்சிக்கினு நான் இன்னா பண்ண? நான் இன்னா கேட்டேன்னு உங்களுக்கு மறந்துபோச்சா?" என்றேன். கத்தியிருக்கலாம். பிளேயரைத் தூக்கிப் போட்டு உடைத்திருக்கலாம். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் எனக்குத்தான் பொறுக்காது.

மறுநாள் காலை கொல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மாமியார் அவரிடம் மெல்லப் பேசுவது கேட்டது.

"போட்டோ வெச்சிகிறியாடா?"

சட்டைப் பையில் தேடியிருப்பார்.

"யாரு மாரி கீது?"

"உன்ன மாரிதாம்மா."

மாமியாரிடமிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. சிரிப்பா, அழுகையா, சொல்லத் தெரியவில்லை. பேத்தி என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது, நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். பிறகு அவர் சாகிறவரை என்னோடுதான் இருந்தார், நான்தான் பார்த்துக்கொண்டேன், என் கையால்தான் கடைசித் தண்ணீரும் குடித்தார். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது அந்த வீட்டில் நான் யாருமில்லை என்று இருந்தது. பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் துலக்கிக்கொண்டிருந்தேன்.

இந்த முறை கிளம்பும்போது, இட்டுக்கினு போறேன் என்று அவர் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் நின்று, "பாட்டு அனுப்பட்டா?" என்று கேட்டார்.

"அவங்களயே எடுக்கச் சொல்லுங்க. உங்களுக்குக் காது போயிடுச்சு" என்றேன்.

ஆத்திரத்தில் சொன்னதுதான். மனிதர் அதை அப்படியே அவளிடம் போய்ச் சொல்வார் என்று யார் கண்டது?

பொங்கலுக்கு முன்னால் ஒரு பார்சல் வந்தது. மேலே என் பெயரை எழுதியிருந்தது அவர் கை இல்லை. உருண்டை உருண்டையான, பொறுமையான எழுத்து. பிரிக்காமல் கொஞ்ச நாள் கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தேன். பிறகு ஒருநாள் மாமியார் கோயிலுக்குப் போயிருந்தபோது பிரித்தேன். எல்லாம் முள் படாத தட்டுகள். நாற்பத்தைந்தில் வைத்துக் கேட்டேன். மேளம் இடைவெளி விட்டு அடித்தது. கட்டைக் கிடார் அடியில் உருண்டது. ஒருத்தி பாதிப் பாட்டில் பாடுவதை நிறுத்திவிட்டு வெறுமனே பேசினாள், அப்புறம் ஊதுகிறவர்கள் எல்லாம் சேர்ந்து அவளைத் தூக்கிவிட்டார்கள். எல்லாமே நல்ல பாட்டு. என்னைப் பார்த்திராத ஒருத்தி ஒரு கடையில் நின்று, எனக்காக ஒவ்வொன்றாகக் கேட்டு எடுத்திருக்கிறாள். அன்றைக்குத்தான் நான் அழுதேன். அவர் சொன்ன நாளிலும் அழவில்லை, போன நாளிலும் அழவில்லை. அதுவரைக்கும் அவளை ரசனை கெட்டவள் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியும் போயிற்று.

அழுது முடித்ததும் கை பழக்கத்தில் திருகுக்குப் போனது. தொட்டுவிட்டு எடுத்துவிட்டேன். மெதுவாக வைத்து, அதிலும் அந்தப் பாட்டுகள் நின்றுவிட்டால், கிழவரைப் பற்றியும் அவளிடம் சொல்லியிருக்கிறார் என்று ஆகிவிடும். அந்தத் தட்டுகளை இன்றுவரை நான் நாற்பத்தைந்தில்தான் கேட்கிறேன்.